சாமைச் சோறும் செவ்வாய்ப் பனி வீடும்

கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் தாண்டிப் போனால், சற்று நேரத்தில் மலைப் பாதை ஆரம்பமாகிவிடுகிறது. கல்வராயன் மலை ஊட்டியைப் போல் ஜம்பம் காட்டுகிற மலை அல்ல. மேலே வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம் மலையாளிகள் வசிக்கிறார்கள். கேரளத்தார் என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ் பேசும் மலைவாசிகள்தான்.

அவர்கள் சரிவுகளில் மழையை நம்பி விதைக்கும் சாமையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். உமியோடு வைத்திருந்தால் சாமை வருஷக்கணக்கில் கெடாது. உமியை நீக்கிவிட்டாலோ, தவிட்டிலுள்ள எண்ணெய்ப் பசை காறிப் போகும், வண்டும் புகுந்துவிடும். ஆகையால் தானியத்தை அப்படியே சேமித்து, வேண்டியபோது வேண்டிய அளவு மட்டும் குத்திக்கொள்வது பழைய வழக்கம். மழைக் காலத்தில் கீழே இறங்கிக் கடைக்குப் போக முடியாத ஊரில் இதைவிட வேறென்ன யோசனை வேண்டும்?

கடையே இல்லாத ஊர் ஒன்றுக்கு மனிதரை அனுப்பத் திட்டம் போடுகிறவர்களுக்கும் இதே கவலைதான். செவ்வாய்க் கிரகத்தைச் சொல்கிறேன். போய்ச் சேரவே ஆறிலிருந்து ஒன்பது மாதம். தங்கித் திரும்புவதற்குள் ஏறக்குறைய மூன்று வருஷம் ஓடிவிடும்.

அங்கே குடியிருக்க அமெரிக்க நாஸாவினர் 2016-ல் ஒரு வீட்டுக்கு வரைபடம் போட்டார்கள். பனிக்கட்டி வீடு! மோட்டார் டயரின் ட்யூபைப் போல் ஊதிப் பெருக்கிய கூடு. அதன் மேல் உறையில் தண்ணீரை நிரப்பி உறைய விடுவது. நாளைக்கு ஒரு கன மீட்டர் தண்ணீர் எடுத்தால், நிரம்ப 400 நாள் ஆகுமாம். (நம் ஊரில் வீடு கட்டிப் பார்த்தவர்களுக்கு இது அதிகமாகத் தோன்றாது.) வானிலிருந்து பாயும் ஆபத்தான கதிர்களைத் தண்ணீர் நன்றாகத் தடுக்கும், வெளிச்சத்தையோ உள்ளே விடும். பகலைப் பகலாகப் பார்க்கலாம். உள்ளே குளிர் இறங்காமல் இருக்க, பனிக்கும் அறைக்கும் நடுவே கரியமில வாயுவை அடைத்துவிடுவார்கள். இன்னும் எல்லாம் காகிதத்தில்தான். ஒருவரும் குடி போகவில்லை.

வீடு ஆயிற்று. சமையல்? சாமான்களை முன்கூட்டியே அனுப்ப வேண்டியிருப்பதால், ஆகாரம் ஐந்து வருஷமாவது கெடாமல் இருக்க வேண்டும் என்கிறார்கள். பொட்டலம் கெடாவிட்டாலும் அதிலுள்ள 'சி' வைட்டமின் நாளாக நாளாகக் குறைந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய தொல்லை நாக்குத்தான். ஒரே ருசி அலுத்துவிட்டால் மனிதர்கள் குறைவாகச் சாப்பிடுகிறார்கள், உடம்பு இளைக்கிறது. இதை ஆராயவே 2013-ல் ஹவாய்த் தீவின் எரிமலைச் சரிவில் ஆறு பேர் ஒரு கூண்டு வீட்டில் நான்கு மாதம் அடைந்து கிடந்தார்கள். தயார்ப் பொட்டலமா, கையால் சமைத்ததா, எது நல்லது என்று பார்ப்பது அவர்கள் வேலை. பிள்ளையை வெளியூருக்கு அனுப்பும்போது பருப்புப் பொடியும் ஊறுகாயும் கட்டிக் கொடுக்கிற தாய்மாரைக் கேட்டிருந்தால் பாதி விடை கிடைத்திருக்கும்! 2025-ல் விண்வெளி நிலையத்துக்குப் போன நம் சுபான்ஷு சுக்லாவும் காரட் அல்வா கொண்டுபோனார்.

அதே 2025 ஆகஸ்டில் லடாக்கில், சோ கார் ஏரிக்கரையில், இஸ்ரோவின் ஆதரவோடு இருவர் பத்து நாள் இப்படி ஒத்திகை பார்த்தார்கள். உயரம் சுமார் 4,500 மீட்டர். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேகாது. கல்வராயன் மலையில் அவ்வளவு மோசமில்லை. மூன்று டிகிரி குறையும், அவ்வளவுதான்.

செவ்வாய்க்குப் போகிற மூட்டையில் உமியோடு ஒரு படி சாமை இருக்கட்டும் என்பது என் கட்சி. ஆனால் குத்துவது எப்படி? அங்கே எடை நம் எடையில் நூற்றுக்கு 38 பங்குதான். உலக்கையைத் தூக்குவது சுலபம். அது விழுந்து குத்துகிற சக்தியும் அப்படியே குறைந்துவிடும். இங்கே பத்துக் குத்து என்றால் அங்கே இருபத்தைந்தாவது குத்த வேண்டியிருக்கும். பறக்கிற உமியைக் கூட்டிப் பெருக்குவது யார் என்பதையும் முன்னாலேயே பேசிக்கொள்வது நல்லது.