மீதி நானூறு கிராம்

போன வாரம் முழுக்க எங்கள் வீட்டுக் கூடத்தில் நடக்க இடமில்லை. ஒரு பக்கம் கேமரா, ஒரு பக்கம் லென்ஸ்கள், சார்ஜர்கள், வயர்கள், நாலு சட்டை, இரண்டு ஜீன்ஸ். நடுவில் நான், கையில் பையைத் தொங்கவிட்டு நிறுக்கும் சின்னத் தராசோடு. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் கேட்டேவிட்டார்.

"ஏன்டா, போன தடவ மாதிரி அந்த மூணு கால் சனியனையும் தூக்கிட்டுப் போகப் போறியா?"

அவர் சொன்னது டிரைபாட்டை. கோபத்துக்குக் காரணம் இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு முதல் தடவையாகச் சென்னைக்குப் போனேன். ஐந்து நாள்தான். வானொலியில் வேலை, படித்தது ஊடகத் துறை, பொழுதுபோக்கு புகைப்படம். அப்படிப்பட்டவன் சென்னைக்குப் போனால் சும்மா போவானா? இரண்டு கேமரா, மூன்று லென்ஸ், டிரைபாட், மடிக்கணினி, ஹார்ட் டிஸ்க் என்று கட்டினேன். மலிவு விலை டிக்கெட்டில் கையோடு கொண்டுபோக 7 கிலோதான். பெட்டி போட தனிக் காசு. அதைக் கட்டாமல் மிச்சம் பிடித்த கெட்டிக்காரன் நான்.

ஈப்போவிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம் கோலாலம்பூர், அங்கிருந்து விமான நிலையம். எல்லாம் சுகமாகத்தான் போயிற்று. கவுண்டரில் பையை வைத்ததும் தராசு 13.4 என்றது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அதில் ஆச்சரியமே இல்லை. கேமரா பை காலியாகவே 1.9 கிலோ. கேமரா இரண்டும் 1.3. லென்ஸ் மூன்றும் 2.8. டிரைபாட் 1.6. மடிக்கணினியும் அதன் சார்ஜரும் 1.8. பேட்டரி, வயர் சாமான்கள் 0.9. துணி 1.1. மீதி 2 கிலோ அம்மா கொடுத்துவிட்ட பொட்டலம்: புந்தோங் கச்சாங் பூத்தே, ஈப்போ வெள்ளைக் காப்பி, ஒரு டஜன் கோடாலித் தைலம். எல்லாம் பெரம்பூரில் இருக்கும் அத்தைக்கு.

வரிசையை விட்டு விலகி, தரையில் மண்டியிட்டுப் பையைத் திறந்தேன். பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு லென்ஸை ஜாக்கெட்டின் வலது பையிலும் இன்னொன்றை இடது பையிலும் போட்டேன். ஒரு கேமராவைக் கழுத்தில் மாட்டினேன். சட்டைக்கு மேல் சட்டையாக மூன்று போட்டேன். அப்படியும் 9-க்குக் கீழே இறங்கவில்லை. ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். டிரைபாட்டைப் பார்த்தேன், பொட்டலத்தைப் பார்த்தேன். டிரைபாட் 700 வெள்ளி.

பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் பொட்டலத்தைக் கொடுத்தேன். "நெசமாவா தம்பி?" என்று இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். மிஞ்சிய ஒன்றரைக் கிலோவுக்கு நான் கட்டிய பணம், முன்கூட்டியே இணையத்தில் 20 கிலோ பெட்டி வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் தொகையைவிட அதிகம்.

அந்த டிரைபாட்டைச் சென்னையில் ஒரே ஒரு முறைதான் விரித்தேன். மெரினாவில், விடியற்காலையில். ஐந்து நிமிடத்தில் என்னைச் சுற்றிக் கூட்டம், "என்னா சார், ஷூட்டிங்கா?" என்று. மாமல்லபுரத்துக்கு எடுத்துப் போகவே இல்லை. தொல்லியல் துறையின் இடங்களில் டிரைபாட் வைக்கத் தனி அனுமதி வேண்டும் என்பதை அங்கே போவதற்கு முதல் நாள்தான் படித்தேன்.

மூன்றாம் நாள் பெரம்பூர்.

அத்தை என் அப்பாவின் அக்காள். தாத்தா 1930-களில் மலாயாவுக்கு வந்து சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். போர் முடிந்ததும் ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டார். 1949-இல் அத்தை பிறந்தார். தாத்தாவும் பாட்டியும் கப்பலேறியபோது கைக்குழந்தையை ஆயாவிடம் விட்டுவிட்டு வந்தார்கள், அடுத்த வருஷம் கூட்டிக்கொள்ளலாம் என்று. 1953-இல் இங்கே குடிநுழைவுச் சட்டம் இறுகியது. காகிதம், காசு, ஆயாவின் பிடிவாதம் எல்லாம் சேர்ந்து அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை. அப்பா இங்கே தோட்டத்தில் பிறந்தார். அக்காளும் தம்பியும் ஒரே ஒரு முறைதான் பார்த்துக்கொண்டார்கள். 1983-இல் பினாங்கில் எம்.வி. சிதம்பரம் ஏறி அப்பா போனபோது. அந்தக் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்தது. அதோடு கப்பல் பயணமும் நின்றுபோனது. அப்பா அப்போது கொண்டுபோன பச்சை டிரங்குப் பெட்டி இன்னும் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. உள்ளே என்னென்ன போனது என்று அம்மா இன்றைக்கும் சொல்வார்: போர்வை, துண்டு, மைலோ டின், தைலம், ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ. அவரிடம் கேமரா கிடையாது.

இந்த வரலாறெல்லாம் தெரிந்தும் நான் அத்தை வீட்டுக்கு வெறுங்கையோடு போனேன். வெறுங்கை என்றால் தோளில் பத்து கிலோ.

பத்தடி அகலக் கூடம். ஜன்னல் வெளிச்சம் அருமையாக இருந்தது. அத்தையை உட்காரவைத்து 85 எம்.எம். லென்ஸில் எடுக்க முயன்றேன். பின்னால் போகப் போகச் சுவர் முதுகில் இடித்ததுதான் மிச்சம். அத்தை நான் சொன்ன பக்கமெல்லாம் பொறுமையாகத் திரும்பினார். எல்லாம் முடிந்ததும் கேட்டார்.

"ஐயா, என் தம்பி போட்டோ கொண்டாந்தியா? மீசையோட பாத்தது. வயசானப்போ எப்படி இருந்தான்?"

அப்பா 2021-இல் தவறிப்போனார். என் வீட்டு ஹார்ட் டிஸ்குகளில் குறைந்தது முப்பதாயிரம் படங்கள் இருக்கும். சூரிய உதயம், நடிகர்கள், பாடகர்கள், கல்லுமலைத் தைப்பூசம், சாப்பாட்டுத் தட்டுகள். கைப்பேசியில் தேடோ தேடென்று தேடி, யாரோ கல்யாணத்தில் பந்திக்கு நடுவே அப்பா திரும்பிப் பார்க்கும் ஒரு படத்தை எடுத்தேன். முகத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். அத்தைக்குக் கண்புரை. கைப்பேசியை முகத்துக்கு அருகில் கொண்டுபோனார். அப்புறம் தம்பியின் கன்னத்தைத் தடவினார். திரை நகர்ந்து அடுத்த படம் வந்தது. நாசி லெமாக்.

"எங்க ஐயா போயிட்டான்?" என்றார்.

திரும்ப எடுத்துக் கொடுத்தேன். திரும்பத் தடவினார். திரும்ப நாசி லெமாக். மூன்றாம் தடவை நானே கைப்பேசியைப் பிடித்துக்கொண்டேன், அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

இந்த முறை பெட்டி கட்டும் வேலையை இரண்டு மாதத்துக்கு முன்பே ஆரம்பித்துவிட்டேன். முதல் வேலை, டிரங்குப் பெட்டியைத் திறந்தது. மைலோ டின்னுக்குள் பழைய படங்கள். தோட்டத்தில் அந்தக் காலத்தில் கேமரா வைத்திருந்தவர் கிராணி ஒருவர்தான் என்பார் அம்மா. மற்றவர்களுக்குப் படம் என்றால் பட்டணத்து ஸ்டூடியோ, அதுவும் தீபாவளிக்கு, அல்லது அடையாள அட்டைக்கு. தாத்தா, பாட்டி நிற்கும் படம் மொத்தமே நான்கு. அப்பாவுக்குக் கொஞ்சம் அதிகம். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, ஈப்போவில் ஒரு கடையில் 8ஆர் அளவில், அதாவது எட்டுக்குப் பத்து அங்குலத்தில், மங்கல் தாளில் அச்சிட்டேன். பளபளப்புத் தாள் வேண்டாம். விளக்கு வெளிச்சம் பட்டால் கண்புரைக்காரர்களுக்கு வெள்ளையாக மட்டும்தான் தெரியும். இருபத்திரண்டு படங்களும் இரண்டு அட்டைகளுக்கு நடுவே அரைக் கிலோகூட இல்லை. தடவலாம், நகராது.

இரண்டாவது வேலை தோட்டத்துக்குப் போனது. ஈப்போவிலிருந்து காடியில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். கையில் இவ்வளவு கேமரா இருந்தும் அங்கே படம் எடுக்க ஒரு நாளும் போனதில்லை. லயங்கள் இருந்த இடம் இப்போது செம்பனை. பெரட்டுக் களம் எது என்று அம்மாவுக்கே ஒரு நிமிடம் குழம்பியது. பிறகு ஒரு மாமரத்தை வைத்துக் கண்டுபிடித்தார். மாரியம்மன் கோயில் மட்டும் புதுச் சாயத்தோடு நிற்கிறது. திருவிழாவுக்கு வெளியூர்களிலிருந்து காடி காடியாக வருகிறார்கள். தாத்தாவின் சமாதி, மாமரம், கோயில், அம்மா விரலை நீட்டி "இங்கதான் நம்ம வாசல்" என்று காட்டிய வெறும் புல்தரை, இவற்றையும் அச்சிட்டேன். அத்தை பார்த்தேயிராத அவருடைய வீடு அது.

சாமான் விஷயத்துக்கு வருகிறேன். கேமரா தூக்கும் தம்பி தங்கைகள் இதற்காகத்தான் இவ்வளவு தூரம் படித்திருப்பீர்கள். இந்த முறை ஒரு கேமரா, ஒரு 35 எம்.எம். லென்ஸ், மூன்று பேட்டரி, கார்டுகள், உள்ளங்கை அளவில் ஓர் ஒலிப்பதிவுக் கருவி. நகரத்தில் சந்துகளிலும் வீட்டுக்குள்ளும்தான் நமக்கு வேலை. அங்கே பின்னால் போக இடமிருக்காது, 35 அதற்குச் சரி. இந்தப் பையைத் தோளில் மாட்டி ஒரு சனிக்கிழமை முழுக்க ஈப்போவிலேயே நடந்து பார்த்தேன். ரயில் நிலையம், பர்ச் மணிக்கூண்டு, கன்குபைன் லேன், அங்கிருந்து லிட்டில் இந்தியா. பழைய பையாக இருந்தால் மணிக்கூண்டிலேயே தோள் கேள்வி கேட்டிருக்கும். இது சாயங்காலம் வரை வாய் திறக்கவில்லை.

பேட்டரியும் பவர்பேங்கும் கையோடுதான் வர வேண்டும், கீழே போகும் பெட்டியில் போடவே கூடாது. 2025 ஜனவரியில் தென்கொரியாவின் புசானில் புறப்பட இருந்த விமானம் ஒன்று தீப்பிடித்தது. பவர்பேங்க் காரணமாக இருந்திருக்கலாம் என்றார்கள். அதற்குப் பிறகு நம் நாட்டு விமானங்களிலும் கெடுபிடி அதிகம். மேல் தட்டில் வைக்க விடுவதில்லை, பறக்கும்போது சார்ஜ் போட விடுவதில்லை. வரம்பு 100 வாட்-ஹவர். 20,000 எம்.ஏ.எச். என்றால் சுமார் 74, பயமில்லை. 30,000 என்றால் 111, முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். எண்ணெல்லாம் அழிந்துபோன பழைய பவர்பேங்கை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், அதிகாரியிடம் நிரூபிக்க முடியாது. உதிரி பேட்டரிகளின் உலோக முனையில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம். இந்தியா 2022-லிருந்து வெளிநாட்டு ட்ரோன்களை உள்ளே விடுவதில்லை. நம் சதுர மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, வட்ட முள் அடாப்டர் ஒன்று போதும். ஏர்கண்டிஷன் அறையிலிருந்து வெளியே வந்ததும் கேமராவை எடுக்காதீர்கள், லென்ஸ் வேர்த்துவிடும். இருபது நிமிடம் பைக்குள்ளேயே இருக்கட்டும். பழைய பிஸ்கட் டின்னில் கிடக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் பையில் போட்டுவையுங்கள். நம் ஊர் மழைக்கும் சென்னைக் கடற்காற்றுக்கும் லென்ஸில் பூஞ்சை பிடிக்க வெகுநாள் ஆகாது.

எல்லாம் போட்டு நிறுத்தால் 5.8 கிலோ. பெருமையாக அம்மாவிடம் தராசைக் காட்டினேன். அவர் உள்ளே போய் ஒரு பழைய கைலியில் சுற்றிய எதையோ கொண்டு வந்து நீட்டினார். பிரித்தால் தாத்தாவின் பால் வெட்டும் கத்தி. மரப்பிடியில் கை பட்ட இடம் மட்டும் குழிந்திருந்தது.

"அண்ணி இத பாக்கட்டும். அப்பா எதால சம்பாரிச்சு அனுப்புனாருன்னு தெரியணும்ல?"

கத்தி கைப்பையில் போகாது. கீழே போகும் பெட்டியில்தான் போகும். அன்று ராத்திரியே இணையத்தில் 20 கிலோ பெட்டிக்குப் பணம் கட்டினேன். ஒரு கத்திக்காக இருபது கிலோவா என்று மனசு கொஞ்சம் அடித்துக்கொண்டது உண்மைதான். அம்மாவுக்கு அந்தக் கவலையே இல்லை. மறுநாள் புந்தோங்குக்குப் போய்க் கச்சாங் பூத்தே, வெள்ளைக் காப்பி, தைலம், மைலோ என்று பெட்டியை நிரப்பத் தொடங்கிவிட்டார்.

அப்பாவின் குரலும் வருகிறது. தினமும் பல்லாயிரம் பேருக்குப் பேசுகிறவன் வீட்டில் அப்பாவின் குரல் மொத்தம் ஒன்பது வினாடிதான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில், "வரும்போது ரொட்டி வாங்கிட்டு வா, மறந்துடாதே" என்று. அதைப் பிரித்தெடுத்து ஒலிப்பதிவுக் கருவியில் ஏற்றி வைத்திருக்கிறேன். அதே கருவியில் அத்தை பேசுவதையும் பதிவு செய்து வரச் சொல்லியிருக்கிறார் அம்மா. கேள்விகளை அவரே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். முதல் கேள்வி, அம்மா அப்பா மேல் இன்னும் கோபம் இருக்கிறதா என்பது. அதை நான் எப்படிக் கேட்கப் போகிறேன் என்று தெரியவில்லை.

நேற்று ராத்திரி பெரிய பெட்டியை மூடி, இரண்டு பேருமாகத் தூக்கி நிறுத்தோம். 19.6.

"இன்னும் நானூறு கிராம் இருக்கே" என்றார் அம்மா.

சின்ன டிரைபாட் ஒன்று அலமாரியில் இருக்கிறது, சரியாக 380 கிராம். நான் எழுந்து போய் அதை எடுத்து வருவதற்குள், அம்மா இன்னொரு பொட்டலம் கச்சாங் பூத்தேயை உள்ளே வைத்து ஜிப்பை இழுத்துவிட்டார்.