பாட்டி சொன்ன கதையும் பழைய பதிவேடும்

அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் தாலக்குவா என்றொரு சிற்றூர். அங்கே தெருப்பெயர்ப் பலகைகளில் ஆங்கிலத்தோடு இன்னோர் எழுத்தும் இருக்கிறது. 1821-இல் செகோயா என்பவர் தம் மக்களுக்காக உருவாக்கிய செரோக்கி எழுத்து அது. செரோக்கி தேசத்தின் தலைநகரம் இந்த ஊர்தான்.

என்னை அங்கே அழைத்துப் போனவள் என் அமெரிக்கத் தோழி. தன் பாட்டியின் பாட்டி செரோக்கி இனத்தவர் என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள். அது உண்மையா என்று பார்த்துவிட வேண்டும் என்பதுதான் பயணத்தின் நோக்கம்.

குடும்ப வரலாறு தேடுவோருக்கு உதவும் நூலகத்தில் ஓர் அம்மையார் கதையைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே கேள்வி: “1900-ஆம் ஆண்டில் உங்கள் குடும்பம் எந்த ஊரில் இருந்தது?”

அந்தக் கேள்விக்குப் பின்னால் பெரிய சோகம் இருக்கிறது. ஜார்ஜியா, டென்னசி, அலபாமா, வட கரோலினா பகுதிகளில் வாழ்ந்த செரோக்கி மக்களை 1838-39-இல் அரசு வலுக்கட்டாயமாக மேற்கே விரட்டியது. ஏறத்தாழ 16,000 பேர் கிளம்பினார்கள். சுமார் 4,000 பேர் உயிரிழந்ததாகச் சொல்லப்படுகிறது. ‘கண்ணீர்ப் பாதை’ என்பது அந்தப் பயணத்தின் பெயர்.

போய்ச் சேர்ந்த இடத்தில் நிலம் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. அதையும் தனித்தனித் துண்டுகளாக்க அரசு முடிவு செய்தது. யாருக்கு எவ்வளவு என்று பிரிக்க ஒரு பெயர்ப்பட்டியல் வேண்டுமே! அப்படி 1898 முதல் 1907 வரை எழுதப்பட்டதுதான் டாவ்ஸ் பதிவேடு. செரோக்கி உட்பட ஐந்து இனத்தாருக்கான அதில் 250,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்து, சுமார் 100,000 பேர் இடம்பெற்றார்கள். அந்த மண்ணில் குடியிருந்தவர்களுக்கு மட்டுமே இடம்.

அம்மையார் ஒரு பதிவு அட்டையின் நகலைக் காட்டினார். பெயர், வயது, பெற்றோர் பெயர், பக்கத்தில் ‘இரத்த அளவு’ என்று கால், அரைக்கால் கணக்கு. முகத்தைப் பார்த்தே எழுத்தர்கள் அதை எழுதியதும் உண்டாம். செரோக்கியரிடம் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற கறுப்பினத்தவருக்குத் தனிப் பட்டியல். அதில் இரத்த அளவே கிடையாது. அவர்களின் வாரிசுகளுடைய குடியுரிமைச் சிக்கல் 2021 வரை நீண்டது. பதிவே வேண்டாம் என்று மறுத்தவர்களும் இருந்தார்கள். அவர்களின் தலைவர் ரெட்பேர்ட் ஸ்மித்தை 1902-இல் கைது செய்தார்கள்.

நிலத்தைக் கூறுபோட எழுதிய அதே ஏடுதான் இன்று செரோக்கி தேசத்தின் வாசல். அதில் நேரடி முன்னோர் ஒருவரின் பெயர் இருந்து, பிறப்புப் பத்திரங்களால் தலைமுறை தலைமுறையாகத் தொடர்பை நிரூபித்தால் குடியுரிமை உண்டு. மரபணுச் சோதனை அங்கே செல்லாது.

1900-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் தோழியின் குடும்பம் அலபாமாவில் இருந்தது. டாவ்ஸ் ஏட்டில் பெயர் இல்லை. அவள் முகம் வாடியது.

“இன்னொன்றைப் பார்ப்போம்” என்றார் அம்மையார். விரட்டப்பட்ட மக்களுக்கு அரசு பணம் தர வேண்டும் என்று 1906-இல் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அதற்காக கயான் மில்லர் என்ற அதிகாரியிடம் எந்த ஊரிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். 45,000-க்கும் மேற்பட்ட மனுக்கள் குவிந்தன.

அதில் கிடைத்தது! பாட்டியின் பாட்டி 1907-இல் எழுதிய மனு. அடியில் முடிவும் இருந்தது: நிராகரிப்பு. 1835, 1851 பட்டியல்களில் அவருடைய முன்னோர் யாரும் இல்லை. எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு அவர் எழுதியிருந்த பதில், “என் பாட்டி சொன்னார்.”

தோழி அந்த வரியை இரண்டு முறை படித்தாள். “இவரும் என்னைப் போலக் கேள்விப்பட்டவர்தான்” என்றாள்.

“கதை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் தேசத்தின் குடிமகள் என்று சொல்லிக்கொள்ள அது போதாது” என்றார் அம்மையார். குரலில் கடுமை இல்லை. தினமும் யாரிடமாவது சொல்ல வேண்டிய வார்த்தை போலும்.

நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர், பிள்ளைகள் எனப் பெயர்கள் வரிசையாக இருந்தன. நம் தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி எழுதிவைத்த பெயர்கள் போல எழுத்துக்கூட்டல் இடத்துக்கு இடம் மாறியது. தேடி வந்தது கிடைக்கவில்லை. தேடாத ஒரு குடும்பமே கிடைத்திருந்தது.

வெளியே வந்ததும் தோழி தன் பாட்டியைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததை மறைக்காமல் சொன்னாள். கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை.

பிறகு பாட்டி கேட்டார்: “அந்தப் பெயர்களை மெதுவாகப் படி. எழுதிக்கொள்கிறேன்.”