சிகரங்களின் உயரமும் மதுரையின் தாகமும்



'ஆனை' என்னும் சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்பது மதுரைக்கு வடமேற்கே அமைந்த ஆனையூர். தனி நகராட்சியாக விளங்கிய இவ்வூர் 2011-ஆம் ஆண்டில் மதுரை மாநகராட்சியோடு இணைந்தது. கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டரைச் சற்றே கடந்த உயரமுள்ள இச்சமவெளியில் இருந்துகொண்டு சிகரங்களைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் வினவலாம். காரணம் உண்டு. நாம் பருகும் நீர் மலைகளின் கொடையன்றோ!

முதலில் நம் நாட்டின் சிகரங்களை ஒருமுறை பார்த்து வருவோம். இமயத்தில் நமக்குரிய மிக உயர்ந்த சிகரம் சிக்கிம் - நேபாள எல்லையில் உள்ள கஞ்சன்ஜங்கா. உயரம் 8586 மீட்டர். உலகில் இதற்கு மூன்றாம் இடம். 1955-இல் முதன்முதலாக இதில் ஏறிய பிரிட்டிஷ் குழுவினர், இம்மலையைப் போற்றும் சிக்கிம் மக்களுக்களித்த வாக்கை மதித்து, உச்சிக்குச் சில அடிகள் கீழேயே நின்று திரும்பினர். எட்டும் தொலைவில் இருந்தும் மிதிக்காமல் விட்ட அப்பண்பு, ஏறிய வீரத்தினும் பெரிதல்லவா?

உத்தரகாண்டில் நந்தாதேவி 7816 மீட்டர். ராஜஸ்தானின் ஆரவல்லித் தொடரில் குருசிகர் 1722 மீட்டர். மத்தியப் பிரதேசத்தின் சாத்பூராவில் தூப்கர் ஏறத்தாழ 1350 மீட்டர். கிழக்குத் தொடர்ச்சி மலையில், ஆந்திரத்தின் ஜிந்தகடா ஏறத்தாழ 1690 மீட்டர். கடல் கடந்து அந்தமானுக்குச் சென்றால் அங்குள்ள சாடில் பீக் 732 மீட்டர்தான்.

தெற்கே முதலிடம் ஆனைமுடிக்கு. ஆனையூரைப் போலவே ஆனையின் பெயர் தாங்கிய இச்சிகரம், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இரவிகுளம் தேசியப் பூங்காவினுள் 2695 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. வரையாடுகள் அச்சமின்றி மேயும் இடம் அது. தமிழகத்தின் மிக உயர்ந்த சிகரமான நீலகிரியின் தொட்டபெட்டா 2637 மீட்டர். இரண்டுக்கும் இடையே வேறுபாடு வெறும் 58 மீட்டரே!

இந்த மேற்கு மலைச்சுவர்தான் மதுரையின் மழையையும் நிர்ணயிக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கொணரும் மேகங்கள் கேரளப் பக்கமே பெரும்பகுதியைப் பொழிந்துவிடுகின்றன. நமக்கு வடகிழக்குப் பருவமழையே பெரும் துணை. இக்குறையை ஓரளவு போக்கவே, அரபிக்கடலை நோக்கி ஓடிய பெரியாற்றை அணைகட்டித் தடுத்து, மலையைக் குடைந்து நீரைக் கிழக்கே திருப்பினார் பென்னிகுயிக். 1895-இல் நிறைவேறிய அப்பணியால் பெரியாற்று நீர் வைகையோடு கலந்து மதுரை மண்ணை நனைக்கிறது.

தொலைவிலுள்ள பெருமலைகள் ஆற்றைத் தருகின்றன. அருகிலுள்ள சிறுகுன்றுகளோ கண்மாயை நிரப்புகின்றன. மதுரையைச் சுற்றிப் பாருங்கள்! மேற்கே நாகமலை, வடக்கே அழகர்மலை, தெற்கே, அடிவாரத்தில் முருகன் கோயிலும் மேலே சிக்கந்தர் தர்காவும் கொண்ட திருப்பரங்குன்றம், வடகிழக்கே ஒத்தக்கடையருகில் படுத்திருக்கும் ஆனையைப் போன்ற யானைமலை. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாறையில் சமணர் படுகைகளும் பழந்தமிழ்க் கல்வெட்டும் உள்ளன. மழை பெய்தால் இத்தகைய குன்றுகளில் வழியும் நீர் ஓடைகளில் இறங்கிக் கண்மாய்களைச் சேர்கிறது. அங்கிருந்து கிணறுகளுக்கு ஊறுகிறது.

சிகரங்களின் பட்டியலில் இக்குன்றுகளுக்கு இடமில்லை. பட்டியலில் இல்லாததாலேயே இவற்றை வெறும் கல்லென்று எண்ணியவர்கள் உண்டு. மேலூர் வட்டாரத்தில் கிரானைட்டுக்காகப் பல குன்றுகள் அறுக்கப்பட்டுப் பெரும்பள்ளங்களாயின. 2010-இல் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் எழுந்தபோது, சுற்றுப்புற மக்களே எதிர்த்து நின்று அதைக் காத்தனர்.

அண்மைக்கால நிகழ்ச்சி இன்னும் பெரிது. மேலூருக்கு அருகேயுள்ள அரிட்டாபட்டி, ஏழு குன்றுகளும் எண்ணற்ற சுனைகளும் கண்மாய்களும் கொண்ட சிற்றூர். அரிய வல்லூறுகள் வாழுமிடம். 2022 நவம்பரில் தமிழக அரசு இதனைத் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. இரண்டே ஆண்டுகளில், அவ்வூரையும் உள்ளடக்கிய ஏறத்தாழ 2015 எக்டேர் பரப்பில் டங்ஸ்டன் எடுக்க ஏலம் விடப்பட்டது. ஊர்கள் திரண்டன. 2025 ஜனவரி 7-ஆம் நாள் ஆயிரக்கணக்கானோர் மதுரையை நோக்கிப் பேரணியாகச் சென்றனர். அதே மாதம் 23-ஆம் நாள் மத்திய அரசு ஏலத்தை ரத்துச் செய்தது. சாதி, மத வேறுபாடின்றி உழவரும் பெண்களும் மாணவரும் ஒன்றாய் நின்றதன் பலன் அது.

ஆற்றில் மணல் அள்ளினால் அடுத்த வெள்ளத்தில் சிறிதேனும் வந்து சேரலாம். அறுத்தெடுத்த குன்றோ எத்தனை தலைமுறை காத்திருந்தாலும் முளைக்காது!

ஆகவே, பெற்றோர்களே! கஞ்சன்ஜங்காவின் உயரத்தை உங்கள் பிள்ளைகள் மனப்பாடம் செய்யட்டும், தவறில்லை. அத்தோடு, அடுத்த விடுமுறை நாளில் சுபுஹுத் தொழுகை முடிந்ததும் அவர்களை அரிட்டாபட்டிக்கு அழைத்துச் செல்லுங்கள். மழைநீர் பாறையிலிருந்து எவ்வழியே இறங்கி எந்தக் கண்மாயைச் சேர்கிறது என்று காட்டுங்கள். குப்பை எதையும் விட்டுவராதிருக்கப் பழக்குங்கள். குன்றின் உயரத்தை மீட்டரில் அளக்கலாம். அதன் அருமையை அளக்க, கோடையில் நம் கிணற்றில் எஞ்சியிருக்கும் நீரே அளவுகோல்.