அடைக்கோழிக்கு ஒரு கிண்ணம் தண்ணீர்

மாத்தளையில் ஏறிய பஸ் ரத்தோட்டையைத் தாண்டி மலையேறத் தொடங்கியதும் வெயில் போய்ப் பனிமூட்டம் சூழ்ந்தது. ரிவர்ஸ்டன் வளைவொன்றில் சாரதி வேகத்தைக் குறைத்தார். செம்மஞ்சள் மார்பும், நடுவில் மஞ்சள் படர்ந்த சிவப்புக் கொண்டையுமாக ஒரு காட்டுச்சேவல் வீதியைக் கடந்து புதருக்குள் மறைந்தது. இலங்கையின் தேசியப் பறவை அது. நக்கிள்ஸ் காடுகள் அதன் வாழிடம்.

நான் பார்க்க வந்ததோ ஊர்க்கோழியை. வீதிக்குக் கீழே, மிளகுக்கொடி படர்ந்த முற்றத்தோடு ஒரு வீடு. குசினிக்குப் பின்னால், விறகு அடுக்கின் ஓரத்தில் பழைய கூடை. அதில் செம்பழுப்புப் பேடு ஒன்று அடை படுத்திருந்தது. கையை நீட்டியதும் இறகைச் சிலிர்த்துக் கொக்கரித்தது.

"பதினொரு முட்ட வச்சேன் தம்பி. இன்னியோட பத்து நாளு. காலைல ஒருக்காதான் எறங்கும். ரெண்டு கொத்து கொத்திட்டு ஓடிப்போய்ப் படுத்துக்கும்" என்றார் வீட்டு ஆச்சி.

அவரே தூக்கி என் கையில் தந்தார். நினைத்ததைவிடக் கனம் குறைவு. நெஞ்செலும்பு விரலில் தட்டுப்பட்டது. வயிற்றில் இறகு உதிர்ந்த இடம் சுடச்சுட இருந்தது. கொண்டை சுருங்கி வெளிறியிருந்தது.

அந்தக் கொண்டையே உள்ளே நடப்பதைச் சொல்லிவிடும். கோழிக்கு இடப்பக்கச் சூலகம் மட்டுமே வேலை செய்கிறது. முட்டையிடும் காலத்தில் அதில் ஐந்தாறு மஞ்சட்கருக்கள் சிறிதும் பெரிதுமாக வரிசையில் வளரும். ஒவ்வொன்றையும் சுற்றியிருக்கும் கலங்கள் அதைப் பேணி, ஓமோன்களையும் சுரக்கின்றன. இறகு உதிர்ந்த வயிற்றில் முட்டை படும்போது மூளைக்குச் செய்தி போகிறது, புரோலக்டின் ஏறுகிறது, சூலகத்தை இயக்கும் ஓமோன்கள் இறங்குகின்றன. கொண்டை வாடுவதும் அதனால்தான்.

கூடவே பட்டினி; அதன் சுமை கலங்களிலும் தெரியலாம். கலங்கள் ஒட்சிசனைப் பயன்படுத்தும்போது தீங்கான மூலக்கூறுகள் சில உண்டாகின்றன. அவற்றை அடக்க உடலில் நொதியங்கள் உண்டு. தீங்கு மிஞ்சி, காப்புக் குறையும் நிலையே ஒட்சியேற்ற அழுத்தம். சீனாவில் அடைகாக்கும் வாத்து, கோழிகளின் சூலகங்களை ஆராய்ந்தவர்கள் இந்த அழுத்தத்தையும், மஞ்சட்கருவைச் சூழ்ந்த கலங்கள் மடிவதையும் சேர்த்தே பேசுகிறார்கள். கலங்கள் மடிய, வளர்ந்த கருக்கள் சுருங்கி உடலுக்குள்ளேயே கரைந்துபோகின்றன. இது நோயல்ல. சிறு கருக்கள் எஞ்சியிருக்கும். அடை முடிந்தபின் அவை மீண்டும் வளரும்.

"அடை கலைக்கச் சில பேரு தண்ணியில முக்குவாங்க, மூக்குல எறகு குத்துவாங்க. எனக்கு மனசு வராது" என்றார் ஆச்சி.

அவர் செய்வதே சரி. குஞ்சு வேண்டாதவர்கள், காற்றோடும் கம்பித் தளமுள்ள கூட்டில் சில நாள் விட்டால் போதும். முட்டையின் தொடுகை அற்றுப் புரோலக்டின் இறங்கும். சில வாரங்களில் கோழி மறுபடி முட்டையிடும். அங்கும் தீனியையும் தண்ணீரையும் குறைக்கக் கூடாது.

குஞ்சு வேண்டுவோர் 21 நாள் காத்திருக்க வேண்டும். அதுவரை கூடையின் பக்கத்தில், கோழிக்கு எட்டும் தூரத்தில், ஒரு கிண்ணம் தண்ணீரும் ஒரு கைப்பிடி தானியமும் வையுங்கள்.