உடைந்த எஸ்

"தம்பி, இது என்னா பூஞ்சக்காளான் மாதிரி இருக்கு?"

நான் அனுப்பிய முதல் லோகோவுக்கு வந்த பதில் அதுதான். புலனத்தில் ஒன்பது வினாடிக் குரல்பதிவு. பின்னால் ஏதோ லோரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம். இரண்டு முறை கேட்டேன். அண்ணன் சொன்னதில் தப்பே இல்லை. அது பூஞ்சைதான். அவருடைய கம்பெனி விற்பதும் பூஞ்சையைத்தான்.

செம்பனை மரத்தின் அடித்தண்டைக் கானோடெர்மா என்றொரு பூஞ்சை அழுகச் செய்யும். வெளியே அடையாளம் தெரியும்போது உள்ளே பாதி மரம் போயிருக்கும். அதை மட்டுப்படுத்த ட்ரைக்கோடெர்மா என்ற இன்னொரு பூஞ்சையை வளர்த்து, பொடியாக்கி, மரத்தடி மண்ணில் கலக்கிறார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் அது கிளை கிளையாகப் பிரிந்து, நுனியில் பச்சை வித்துகளோடு ஒரு குட்டி மரம் போலவே நிற்கும். நான் வரைந்தது அந்த மரத்தை. பட்டப்படிப்பு முடித்த பிறகு ட்ரைக்கோடெர்மாவை நினைத்துப் பார்த்ததே அன்றைக்குத்தான்.

2005-இல் அப்துல்லா அகமது படாவி பிரதமராக இருந்தபோது தேசிய உயிரித்தொழில்நுட்பக் கொள்கை வந்தது. எனக்கு அப்போது தமிழ்ப்பள்ளியில் படிக்கும் வயது. அந்தக் கொள்கையின் சத்தம் எங்கள் இடைநிலைப்பள்ளி ஆசிரியரின் வாய்க்கு வந்து சேர இன்னும் பத்து வருடம் பிடித்தது. "இனிமே பயோடெக்தான் எதிர்காலம்" என்றார். நம்பி, உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் உயிர்ச்செயல்முறைப் பொறியியல் எடுத்தேன். இப்போது கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, ஒழுகுகிறதா என்று பார்க்கிற பிரிவு. வார இறுதியில் லோகோ வரைவேன். கல்யாண மேக்கப், கேக், கேட்டரிங். எல்லாருக்கும் தங்க நிறத்தில் தாமரை வேண்டும். அதனால்தான் அண்ணன் 600 வெள்ளிக்குப் பேசியபோது காசை விட அந்த 'பயோடெக்' என்ற சொல்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

இரண்டாவதாகச் செம்பனைக் குலையை வரைந்து அனுப்பினேன். இந்த முறை ஃபோன்.

"தோட்டம் மாதிரி இருக்கு தம்பி. நான் அங்கேர்ந்து வந்தவன். திரும்ப அங்கயே கொண்டுபோயி விடுறீங்களே."

வாங்கப் போவதே தோட்டங்கள்தானே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

மூன்றாவது யோசனை அவருடையது. இணையத்தில் எடுத்த ஒரு படம் வந்தது. டிஎன்ஏவின் இரண்டு இழைகள் பின்னி நிற்கின்றன, அதில் முன்னால் இருக்கும் இழை 'எஸ்' என்று தெரிகிறது. கம்பெனிப் பெயரின் முதல் எழுத்து எஸ். "இதே மாதிரி, ஹைடெக்கா."

பார்த்ததும் எனக்குக் கை அரித்தது. டிஎன்ஏ வலது முறுக்கு. சாதாரண ஸ்க்ரூவை நிமிர்த்திப் பிடித்தால் நம் பக்கம் தெரியும் வரிகள் இடமிருந்து வலமாக ஏறும். டிஎன்ஏவும் அப்படித்தான். எஸ் எழுத்தின் நடுக்கோடோ இடமிருந்து வலமாக இறங்குகிறது. அது முன்னால் வந்தால் மொத்தமும் இடது முறுக்காகிவிடும். இடது முறுக்கில் ஒரு வகை உண்டு, 1979-இல் படிகத்தில் கண்டார்கள். ஆனால் அதன் முதுகெலும்பு கோணல்மாணலாகப் போகும், இத்தனை வழவழப்பாக இருக்காது. 1953 ஏப்ரலில் வாட்சனும் கிரிக்கும் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையில் இரட்டைச்சுருளின் படம் ஒன்று வரும். அதை வரைந்தவர் கிரிக்கின் மனைவி ஓடில். விஞ்ஞானி இல்லை, ஓவியர். அவர் சரியாக வரைந்துவிட்டார். எழுபது வருடம் கழித்து லோகோ போடுகிற நாங்கள்தான் கண்ணாடியில் பார்த்ததுபோல் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஒரே வழிதான் தெரிந்தது. எஸ் இழை நடுவில் மற்ற இழைக்குக் கீழே போக வேண்டும். அப்படிச் செய்தால் முறுக்கு சரியாகிவிடும். ஆனால் எஸ்ஸின் வயிற்றில் ஒரு வெட்டு விழும். அப்படியே வரைந்து அனுப்பினேன்.

"எஸ் உடைஞ்சிருக்கு. ஒட்டிடுங்க."

"அறிவியல்படி இப்படித்தாண்ணே வரணும்."

"யாரு தம்பி பாக்கப் போறா?"

இரண்டு நாள் பதில் போடவில்லை. மாமாக் கடையில் நண்பனிடம் பொரிந்து தள்ளினேன். பயோடெக் கம்பெனி நடத்துறவருக்கு டிஎன்ஏ எந்தப் பக்கம் சுத்துதுன்னு தெரியல, நான் கையுறைல தண்ணி ஊத்துறேன் என்றெல்லாம் சொன்னேன். அவன் தே தாரிக் குடித்து முடித்துவிட்டு, "600 வெள்ளி வேணுமா வேணாமா?" என்றான். அன்றிரவே எஸ் இழையை ஒரு அடுக்கு மேலே தூக்கினேன். இரண்டே கிளிக். கோப்பை அனுப்பிய ஒரு மணி நேரத்தில் காசு வந்துவிட்டது. அந்த உடைந்த எஸ்ஸையும் அதே கோப்புறையில் போட்டு அனுப்பியிருந்தேன். சாட்சிக்கு என்று நினைத்திருப்பேன்.

மூன்று வாரம் கழித்து அழைத்தார். வேனில் ஒட்ட ஸ்டிக்கர் அடிக்கப் போகிறாராம். "உள்ள இன்னொன்னு கெடக்குதே, அது எதுக்கு?"

சொன்னேன். "ஒரு ஸ்க்ரூ எடுங்கண்ணே" என்றேன். மேசை இழுப்பறையைத் திறக்கும் சத்தம் கேட்டது. அவர் கையில் அது, என் கையில் என்னுடையது. பத்து நிமிடம் பேசினோம். அவர் நடுவில் கேட்ட கேள்விகள் நல்ல கேள்விகள். இடது பக்கம் சுற்றினால் பூஞ்சைக்கு ஏதும் ஆகுமா என்றார். படத்துக்கும் பூஞ்சைக்கும் சம்பந்தமில்லை என்றேன். எல்லா உயிருக்கும் இதே பக்கம்தானா என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி."

"சொன்னேண்ணே."

"அறிவியல்படின்னு சொன்னீங்க. அப்படிச் சொன்னா நான் அதுக்கு மேல என்னத்தக் கேப்பேன்?"

எனக்குக் காது சூடானது. அந்த ஒரு வரியைத் தட்டியபோது என் மனதில் இருந்தது விளக்கம் இல்லை. படித்தவன் நான் என்பதுதான் இருந்தது. எதிரில் இருப்பவரை வாயடைக்கத்தான் அதைப் போட்டேன். அவரும் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"அந்த எஸ் எங்கம்மா பேரு" என்றார். "தோட்டத்துல மருந்தடிச்சவங்க. நடுவுல வெட்டுனாப்ல பாத்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சி. அதான் ஒட்டச் சொன்னேன்."

நான் "ஓ" என்று மட்டும் சொன்னேன்.

பாக்கெட் 3000 அடித்தாகிவிட்டது. அது தீர்கிற வரைக்கும் இடது முறுக்குதான். "வேனுக்காச்சும் பாப்போம்" என்றார். "வெட்டாம வலது பக்கம் சுத்த வைக்க வழி இருக்கா?"

எனக்குத் தெரிந்து இல்லை. அப்படிச் சொல்லாமல், எப்போது வேண்டும் என்று கேட்டேன்.

"ஸ்டிக்கர்காரன் வியாழக்கெழம வர்றான்."

அன்று செவ்வாய். ஃபோனை வைத்துவிட்டு ஒரு தாள் எடுத்து மறுபடி எஸ் போட ஆரம்பித்தேன்.