கூரைமேல் ஏறியவர்

ஆடிக் காற்றைப் பற்றித் திண்டுக்கல் வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் நம் மாவட்டத்தைக் கடந்தபோதே, பேகம்பூரில் உள்ள நமது இல்லத்தின் கொல்லைக் கொட்டகையில் ஒரு சிமெண்ட் ஷீட்டு விரிசல் கண்டது. சுண்ணாம்புப் பூச்சால் அதை மறைத்து ஆண்டுகளைக் கடத்தினோம். சென்ற ஆடியில் அது உடைந்தே போயிற்று.

வழக்கமாக வரும் மேஸ்திரியை அழைத்தோம். அறுபதை நெருங்கியவர். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏணியில் ஏறினார். நாம் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபடி, "இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள் மேஸ்திரி" என்றோம். அவர் தள்ளி வைத்த கால், ஷீட்டைத் துளைத்துக்கொண்டு நம் தலைக்கு மேல் தொங்கிற்று. குறுக்கு இரும்பு அக்குளில் சிக்கியதால் அவர் தரைக்கு வரவில்லை. தொடையில் பதினோரு தையல். பன்னிரண்டு அடியிலிருந்து விழ ஒரு நொடிகூட ஆகாது. கீழே கிடந்ததோ அம்மிக்கல்.

பழைய ஷீட்டு வெயிலிலும் மழையிலும் நொறுங்கும் தன்மை அடைந்துவிடும். ஆள் பாரம் தாங்க வல்லது அதன் அடியிலுள்ள இரும்பேயன்றி ஷீட்டு அன்று. அதனால்தான், கட்டுமானத் தொழிலாளர் குறித்த 1998ஆம் ஆண்டின் மத்திய விதிகள் சரிந்த கூரைகளில் வேலை செய்வோர்க்கு ஊர்ந்து செல்லும் பலகைகளை வலியுறுத்தின. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமும், விழக்கூடிய உயரத்தில் நிற்பவனுக்கு இயன்றவரை தடுப்பு வேண்டும் என்றது. ஆயினும், 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் பத்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சொந்த வீட்டு வேலையை விலக்கி வைத்தது. அதன் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொகுப்புச் சட்டமோ, அந்த வரம்பை ஐம்பது லட்சமாக உயர்த்திற்று. நமது கொட்டகை பழைய சட்டத்துக்கும் வெளியே, புதியதற்கும் வெளியே!

நம்மைத் தேற்ற வந்த மச்சான், அபூதாவூதில் உள்ள ஒரு நபிமொழியை நினைவூட்டினார். தடுப்பில்லாத மாடியில் இரவில் உறங்குபவரைப் பொறுத்தவரை பொறுப்பு நீங்கிவிடுகிறது என்பது அதன் கருத்து. "ஏறியவர் தம் விருப்பத்தில்தானே ஏறினார்?" என்றார். நமக்கு அது ஒப்பவில்லை. அந்த நபிமொழி தானே போய்ப் படுத்தவரைக் குறித்தது. மேஸ்திரியோ நாம் கூலி பேசி ஏற்றிவிட்டவர். "தள்ளிப் பாருங்கள்" என்ற சொல்லும் நம்முடையதே. மருத்துவச் செலவைக் கொடுத்தோம். வேலைக்குப் போகாத நாட்களின் கூலியை அவர் கேட்கவில்லை. நாமும் ஒரு வாரம் கழித்தே நினைத்தோம் என்பதை எழுத வெட்கமாயிருக்கிறது.

கால் ஆறியபின் அவரே வந்தார். இம்முறை மூன்று இரும்புகளுக்கு மேல் கிடக்கும்படி நீளமான இரண்டு சாரப் பலகைகளும், உடல் முழுதும் பிணைக்கும் பாதுகாப்பு பெல்ட்டும் வாங்கி வைத்திருந்தோம். இடுப்பு பெல்ட் மட்டும் போதாது. விழும் வேகத்தில் அதுவே வயிற்றை நெரித்துவிடும். கயிற்றை எதில் கட்டுவது என்பதில்தான் தடுமாறினோம். கூரையின் இரும்பே துருப்பிடித்திருந்தது. முடிவில் கொட்டகைக்கு அப்பால் நிற்கும் வேப்ப மரத்தின் அடியில் கட்டி, முகட்டின் மேலாகக் கொண்டுவந்து, அவர் விளிம்பைத் தாண்டாத அளவுக்கு நீளத்தைக் குறுக்கினோம்.

"என்ன பாய், வயசான காலத்தில் என்னைக் கட்டிப் போடுறீங்க?" என்று சிரித்தார். இருந்தும் மாட்டிக்கொண்டார். ஒரு பலகையில் இருந்துகொண்டே மற்றதை முன்னே நகர்த்தி, அதில் தவழ்ந்து, நண்பகலுக்குள் புதிய ஷீட்டை மாட்டி முடித்தார்.

இறங்கியதும் அந்தப் பலகைகளைத் தட்டிப் பார்த்தார். அடுத்த தெருவில் ஓட்டு வேலை இருக்கிறது, இரண்டு நாள் தர முடியுமா என்றார். பெல்ட்டையும் சேர்த்தே கொடுத்தோம். அது நடந்து நான்கு மாதம் ஆகிறது. அவை இன்னும் திரும்பி வரவில்லை; நாமும் கேட்கவில்லை.