46 கிலோமீட்டர் இங்கிலீஷ்!

தர்மபுரி பஸ் ஸ்டாண்டில், ஒகேனக்கல் பஸ் நிற்கிற இடத்தில் நின்றபடி நானும் என் மச்சானும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். பஸ் ஏறினதிலிருந்து ஒகேனக்கல்லில் இறங்கும் வரை இங்கிலீஷ் மட்டும்தான். தவறித் தமிழ் பேசினால் வார்த்தைக்கு ஐந்து ரூபாய் அபராதம்!

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. பாலக்கோடு பக்கம் கிராமம். அப்பா தக்காளி போடுகிறவர். பையன் தமிழ் மீடியத்தில் படித்து, பி.எஸ்ஸி. முடித்து, பெங்களூருக்கு இரண்டு இன்டர்வியூ போய்விட்டு வந்திருந்தான். இரண்டிலும் எழுத்துப் பரீட்சை பாஸ்; பேச்சில் அவுட். மூன்றாவது, வருகிற திங்கட்கிழமை. “இதுவும் போச்சுன்னா அப்பா கூட மண்டிக்குக் கூடை தூக்கப் போறேன் மாமா” என்று வேறு சொல்லிவிட்டான்.

அக்காக்காரி என் பக்கம் திரும்பினாள். “பத்திரிகைக்கெல்லாம் எழுதறீங்களே, அவனுக்கு நாலு வார்த்தை இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கக் கூடாதா?” நான் எழுதுவது தமிழில் என்பதை வசதியாக மறந்துவிட்டாள்.

என் இங்கிலீஷ் லட்சணம் எனக்குத்தானே தெரியும்? பிளஸ் டூவில் இங்கிலீஷில் 200க்கு 151. அத்தனையும் எழுதி வாங்கினது. வாயைத் திறந்து வாங்கின மார்க் ஒன்றுகூடக் கிடையாது. பி.காம். முடித்த கையோடு ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குப் போனேன். எதிரே இருந்தவர், “டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்” என்றார். பேரைச் சொன்னேன். அப்பா பேரைச் சொன்னேன். அதற்கப்புறம் என்னைப் பற்றிச் சொல்ல உலகத்தில் ஒன்றுமே இல்லை! அவர் பேனாவை உருட்டிக்கொண்டே காத்திருந்தார். அந்தப் பதற்றத்தில் எனக்கு முழுசாக வாயில் வந்த ஒரே இங்கிலீஷ் வாக்கியம்... “டெபிட் வாட் கம்ஸ் இன், கிரெடிட் வாட் கோஸ் அவுட்!”

அவர் ரொம்ப மரியாதையாக “தேங்க் யூ” என்றார். நான் கோஸ் அவுட்.

தர்மபுரிக்காரன் பேசத் தெரியாமல் முழிப்பது நியாயமாகப் பார்த்தால் வேடிக்கைதான். பழைய தகடூர் இது. இங்கே ஆண்ட அதியமான், தொண்டைமானிடம் தூது அனுப்பினது ஒரு படைத்தலைவனை அல்ல, ஔவையாரை! அந்த வாய் ஜாலம் எங்கள் தலைமுறைக்கு வரும்போது எந்த வழியில் இறங்கிப் போயிற்றோ தெரியவில்லை. 1965ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானோம். 2004ல் கிருஷ்ணகிரி தனியாகப் போனபோது, ஓசூர் ஃபேக்டரிகள் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. ஆகவே எங்க ஊர்ப் பையன் வேலை என்று கிளம்பினால் எல்லை தாண்டித்தான் ஆக வேண்டும். ஓசூரைத் தாண்டினால் பெங்களூர். பெங்களூர் என்றால் இங்கிலீஷ்.

பஸ் கிளம்பியது. கண்டக்டரிடம் மச்சான் கம்பீரமாக, “டூ டிக்கெட்ஸ், ஒகேனக்கல், ப்ளீஸ்” என்றான்.

“ரெண்டு ஒகேனக்கல்லா? சில்லறையா குடுப்பா” என்றார் கண்டக்டர். அவ்வளவுதான். ஆரம்பம் அமர்க்களம்!

“இட் இஸ் வெரி ஹாட்” என்றேன் நான்.

“யெஸ் மாமா. வெரி வெரி ஹாட்.”

“மாமா தமிழ். அஞ்சு ரூ... ஐ மீன், ஃபைவ் ருப்பீஸ்.”

அதற்கப்புறம் இண்டூர் வரைக்கும் இரண்டு பேர் வாயிலிருந்தும் ஒரு சத்தம் இல்லை. சாதாரணமாக நாங்கள் சேர்ந்தால் கட்சி, கிரிக்கெட், சம்பந்தி வீட்டு வம்பு என்று பஸ் டிரைவருக்கே தலைவலி வரும். இங்கிலீஷ் மட்டும் என்றதும் பேசுவதற்கு விஷயமே இல்லாமல் போய்விட்டது. பின் சீட்டிலிருந்த பாட்டி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முன்னால் குனிந்து கேட்டாள்: “ஏம்ப்பா, ரெண்டு பேருக்கும் சண்டையா?”

பதில் சொன்னால் அபராதம். தலையை மட்டும் ஆட்டினோம். பாட்டி ஐயோ பாவம் என்று உச்சுக் கொட்டினாள்.

இந்த மௌனத்தில்தான் எனக்கு மன்றோ ஞாபகம் வந்தார். சென்னையில் தீவுத்திடல் பக்கம், சேணம் இல்லாத குதிரை மேல் சிலையாக உட்கார்ந்திருக்கிறாரே, அந்த தாமஸ் மன்றோதான். எங்க ஊரில் குடியிருந்தவர் சார் அவர்! 1792ல் திப்பு சுல்தானிடமிருந்து இந்த பாராமகால் சீமை கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. வரி வசூலித்து நிர்வாகம் பண்ண ஆள் வேண்டும். சென்னையிலிருந்த கம்பெனி சிவில் உத்தியோகஸ்தர்களில் இந்த நாட்டுப் பாஷை தெரிந்தவர்கள் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் யோசித்தார். பட்டாளத்துக்காரராக இருந்தாலும் பரவாயில்லை, பாஷை தெரிந்தால் போதும் என்ற கணக்கில் கேப்டன் ரீடை அனுப்பினார். அவருக்கு உதவியாக வந்த ராணுவ அதிகாரிகளில் ஒருவர் மன்றோ.

மன்றோ 1780ல் கம்பெனிப் பட்டாளத்தில் சேர மதராஸில் வந்து இறங்கியவர். இந்துஸ்தானியும் பாரசீகமும் முனைந்து கற்றவர். அந்தப் படிப்பு அவருக்குத் தர்மபுரி உத்தியோகத்தைக் கொடுத்தது. இங்கே ஆசையாகத் தோட்டம் போட்டு வாழ்ந்து, 1799ல் பிரிய மனசில்லாமல் மாற்றலாகிப் போனார். 1820ல் சென்னை மாகாணத்துக்கே கவர்னர்! ஆக, ஒரு காலத்தில் தர்மபுரியில் வேலை பார்க்க வேண்டுமானால் வெள்ளைக்காரர் இந்த நாட்டுப் பாஷையில் தேற வேண்டியிருந்தது. 1844ல் ஹார்டிஞ்ச் பிரபு, அரசாங்க உத்தியோகத்தில் இங்கிலீஷ் படித்தவர்களுக்கே முன்னுரிமை என்று உத்தரவு போட்டார். அன்றிலிருந்து முழிக்கிற முறை நம்முடையதாகிவிட்டது.

பென்னாகரத்தில் பஸ் நின்றது. டீ குடிக்க இறங்கியபோதுதான் மச்சானின் வியாதி எனக்குப் பிடிபட்டது. அவன் உதடு லேசாக அசைந்துகொண்டே இருந்தது. என்னடா என்றால் (அபராதம், என் கணக்கில் ஐந்து ரூபாய்), மனசுக்குள் முதலில் தமிழில் ஒரு வாக்கியம் கட்டுகிறானாம். ‘நேத்து நான் பாலக்கோட்டுக்குப் போனேன்.’ தமிழில் வினைச்சொல் வண்டியின் கடைசிப் பெட்டி. அதைக் கழற்றி நடுவில் மாட்ட வேண்டும். பிறகு ‘கோ’வா, ‘கோயிங்’கா, ‘வென்ட்’டா என்று பார்க்க வேண்டும். ‘க்கு’வை எடுத்து முன்னால் ‘டு’ போட வேண்டும். இத்தனை ரிப்பேரும் முடிந்து வாக்கியம் வெளியே வருவதற்குள் எதிராளி வேறு விஷயத்துக்குப் போய்விடுகிறான்!

எனக்கும் இதே கதைதான். பி.காம். பாஷையில் சொன்னால், பதினைந்து வருஷமாக இங்கிலீஷ் ‘கம்ஸ் இன்’ ஆகிக்கொண்டே இருக்கிறது. புத்தகம், கிரிக்கெட் கமென்டரி, ஆபீஸ் சர்க்குலர், இப்போது செல்போன் வீடியோ. ‘கோஸ் அவுட்’ பக்கம் மட்டும் காலியாகவே கிடக்கிறது.

பென்னாகரம் தாண்டிக் காட்டு மலைப்பாதையில் பஸ் வளைந்து வளைந்து இறங்கியது. குரங்குகள் எங்கள் அளவுக்குக் கூச்சப்படாமல் தங்கள் பாஷையில் பேசிக்கொண்டிருந்தன. ஒகேனக்கல்லில் இறங்கியபோது அபராதக் கணக்கு: மச்சான் 35, நான் 40. ஆசிரியர் தகுதி அம்பேல்.

ஒகேனக்கல் போனவர்களுக்குத் தெரியும். காற்றில் பாதி நல்லெண்ணெய் வாசனை, பாதி மீன் வறுவல் வாசனை. எண்ணெய் மசாஜ் செய்கிறவர்கள் நம் முதுகைப் பார்த்தே விலை சொல்வார்கள். மீனை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது சுடச்சுடச் சமைத்துத் தருகிற பெண்கள் வரிசையாக அடுப்போடு உட்கார்ந்திருப்பார்கள். நாங்களும் ஒரு கட்லா வாங்கிக் கொடுத்துவிட்டுப் பரிசல் துறைக்குப் போனோம். (ஆற்றில் தண்ணீர் அதிகமாக வந்தால் பரிசலுக்குத் தடை போட்டுவிடுவார்கள். விசாரித்துக்கொண்டு போங்கள்.)

லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு ஏறினோம். எங்களோடு பெங்களூரிலிருந்து வந்த ஓர் இளம் ஜோடி, வடக்கத்திக்காரர்கள். பரிசல்காரருக்கு ஐம்பது வயசிருக்கும். துடுப்பை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு ஆரம்பித்தார் பாருங்கள்!

“சார், மேடம், திஸ் ஒகேனக்கல். கன்னடா வேர்டு. ஹொகே, ஸ்மோக். கல், ராக். வாட்டர் ஃபால் டவுன், ஸ்மோக் கமிங் அப். ஸ்மோக்கிங் ராக்! பட் நோ சிகரெட்!”

ஜோடி சிரித்தது. அந்தப் பெண் போட்டோ எடுக்க எழுந்திருக்கப் பார்த்தாள்.

“சிட், சிட், மேடம்! நோ ஸ்டாண்ட். யூ ஸ்டாண்ட், ஃபிஷ் ஹேப்பி!”

பரிசலே குலுங்குகிற மாதிரி சிரிப்பு. நானும் மச்சானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இந்த இங்கிலீஷில் ‘இஸ்’ இல்லை, ‘ஆர்’ இல்லை, டென்ஸ் என்ற பேச்சே இல்லை. ஆனால், புரியாமல் போன வார்த்தை ஒன்றுகூட இல்லை.

மணல் திட்டில் பரிசலை நிறுத்தியபோது மெதுவாகக் கேட்டேன், “அண்ணே, இங்கிலீஷ் எங்கே கத்துக்கிட்டீங்க?” (ஒப்பந்தம் ஒகேனக்கல் வரைக்கும்தான்!)

“எங்க சார் கத்துக்கறது? பள்ளிக்கூடம் அஞ்சாவதோட சரி. வர்றவங்க பேசறதைக் கேட்டு நானும் திருப்பிச் சொல்லுவேன். ஒரு நாளைக்கு எத்தனை நடை ஓட்டறேன், அத்தனை தடவை இதே பாட்டுதான். காலைல சொன்னது புரியலைன்னா அவங்க மூஞ்சியே காட்டிக் குடுத்துடும். அடுத்த நடையில மாத்திச் சொல்லுவேன். சாயங்காலம் சரியாப் போயிடும்.”

“தப்பாப் பேசினா சிரிக்க மாட்டாங்களா?” என்றான் மச்சான். அவன் கேட்ட விதத்திலேயே இரண்டு இன்டர்வியூவும் தெரிந்தது.

“சிரிக்கட்டுமே தம்பி! சிரிக்கிறவங்கதான் இறங்கறப்ப அஞ்சோ பத்தோ சேத்துக் குடுப்பாங்க. முறைச்சுக்கிட்டு இருக்கறவன் என்னிக்குக் குடுத்திருக்கான்?” என்றவர், துடுப்பை எடுத்துக்கொண்டே, “வர்றப்ப நீ சொல்லு தம்பி. எனக்குத் தொண்டை வறண்டு போச்சு” என்றார்.

மச்சான் முகம் வெளுத்துவிட்டது. ஆனால், பரிசலில் இருந்து எழுந்து ஓட முடியாதே!

“திஸ்... ரிவர்... காவேரி” என்றான். ஜோடி திரும்பிப் பார்த்தது. “திஸ் சைடு, தமிழ்நாடு. தட் சைடு, கர்நாடகா. ரிவர் இன் தி மிடில்.”

“இஸ் இட் டீப் ஹியர்?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

முழித்தான். பரிசல்காரர் தண்ணீரைப் பார்த்தபடியே, “ஆழமான்னு கேக்கறாங்க தம்பி” என்றார்.

“யெஸ் மேடம்! வெரி டீப். டோன்ட் ஸ்டாண்ட். ஃபிஷ் வில் பி ஹேப்பி!”

அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் கணவர், “நீங்க என்ன வேலை பார்க்கறீங்க, எந்த ஊர்?” என்று இங்கிலீஷில் கேட்க, பையன் பதில் சொல்லிக்கொண்டே வந்தான். உதடு முன்கூட்டி அசையவில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பரிசல்காரர் சந்தோஷத்தில் பரிசலைப் பம்பரமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். எனக்குத்தான் வயிற்றைப் பிரட்டியது.

திரும்பும் பஸ்ஸில் புது ஏற்பாடு. நான் இன்டர்வியூ ஆபீசர். பரிசல்காரர் பாணியில் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பேன். “டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்.” முதல் மூன்று தடவை அவன் புத்தகத்தில் நெட்டுருப் போட்ட, ‘ஐ ஹெய்ல் ஃப்ரம் எ ரெஸ்பெக்டபிள் ஃபேமிலி’தான் வந்தது. எனக்கே கொட்டாவி. மலைப்பாதை ஏறி முடிக்கும்போது ஏழாவது தடவை. அப்போது வேறு ஒன்று வந்தது.

“சார், மை ஃபாதர் குரோஸ் டொமேட்டோ. சம் இயர், குட் பிரைஸ். சம் இயர், பறிக்கிற... பிளக்கிங் கூலி இஸ் மோர் தேன் டொமேட்டோ பிரைஸ். ஸோ ஹீ லீவ்ஸ் இட் இன் தி ஃபீல்டு. கௌஸ் ஈட். ஐ ரைட் தி அக்கவுன்ட்ஸ் ஃபார் ஹிம், ஃப்ரம் எய்த் ஸ்டாண்டர்டு. ஐ நோ வாட் இஸ் லாஸ்.”

எனக்குச் சட்டென்று ஆபீசர் வேஷம் கலைந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “கூலி தமிழ். அஞ்சு ரூபா எடு” என்றேன்.

“இல்ல மாமா, அது இங்கிலீஷ் டிக்ஷனரியிலயே இருக்கு!”

“அதுக்கு அர்த்தம் வேற. அதோட, இப்ப நீ பேசினதுல ஆறு வார்த்தை தமிழ்.”

திங்கட்கிழமை சாயங்காலம் பெங்களூரிலிருந்து போன். வீட்டில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம்.

“மாமா, தக்காளி விலையைப் பத்தியே பத்து நிமிஷம் கேட்டாங்க. வியாழக்கிழமை இன்னொரு ரவுண்டு இருக்காம். ‘வாட் இஸ் யுவர் வீக்னஸ்’னு கேப்பாங்கன்னு வெளியில பேசிக்கறாங்க. புதன்கிழமை லீவு போட்டுட்டு ஒகேனக்கல் போலாமா?”

“போலாம். மீன் செலவு யாருது?” என்றேன்.

“யூ பே, மாமா. ஐ ஸ்பீக்.”